ஸி.வி. வேலுப்பிள்ளையின் மலையில்: ஒரு பயணக் குறிப்பு

ஹட்டன், வியாழக்கிழமை

கொழும்பிலிருந்து அவிசாவளை, கித்துல்கலை, கினிகத்தேனை வழியாக மேலேறும் ஏ7 வீதியில், கினிகத்தேனையைக் கடந்தபின் இறப்பர் மரங்கள் விலகி, இருபுறமும் தேயிலை மட்டுமே தெரியத் தொடங்குகிறது. இந்தப் பாதையில் முன்பும் வந்திருக்கிறேன். இம்முறை வந்தது ஒருவரை முன்னிட்டு: 1914 செப்டெம்பர் 14இல் வட்டகொடைக்கு அருகே மடக்கொம்பரைத் தோட்டத்தில் பிறந்து, 1984 நவம்பர் 19இல் மறைந்த ஸி.வி. வேலுப்பிள்ளை. அவர் ஆசிரியர், தொழிற்சங்கவாதி, இலங்கையின் முதலாவது பாராளுமன்றத்தில் தலவாக்கலைத் தொகுதியின் உறுப்பினர், ஆங்கிலத்தில் எழுதிய கவிஞர், நாவலாசிரியர், தேயிலைத் தோட்டங்களில் வாழும் மலையக மக்களின் வாய்மொழிப் பாடல்களைத் தொகுத்தவர். அவரைப் பற்றி எழுதுவோர் இவற்றை ஒன்றன்பின் ஒன்றாக அடுக்கி, பல துறைகளில் ஒளிர்ந்தவர் என்று முடித்துவிடுகிறார்கள். அவர் வாழ்நாள் முழுவதும் செய்தது ஒரே வேலைதான், பதிவில் இடம் பெறாத தம் மக்களைப் பதிந்து வைப்பதுதான், என்று நான் நம்புகிறேன். அந்த நம்பிக்கையை அவர் நடந்த மண்ணில் வைத்துச் சோதித்துப் பார்க்கவே இந்தப் பயணம்.

ஹட்டன் நகரில் எனக்கு இடம் கொடுத்தவர் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர். பழைய மாணவர்கள் எல்லோரும் அவரை 'சேர்' என்றே அழைக்கிறார்கள். நானும் அப்படியே அழைத்தேன். மாலையில் இருவரும் கடைவீதி வழியாக நடந்து, மெதடிஸ்த மிஷனரிமார் தொடங்கிய பாடசாலையை நோக்கிச் சென்றோம். இன்று ஹைலன்ஸ் கல்லூரி என்ற பெயரோடு இயங்கும் அங்கேதான் சிறுவன் வேலுப்பிள்ளை படித்தார். பின்னர் கொழும்பு நாலந்தா வித்தியாலயத்துக்குப் போனார்.

அந்தக் காலத்தில் இது எத்தனை அரிய வாய்ப்பு என்பதை சேர் வழியெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தார். 1920களில் தோட்டத்துப் பிள்ளைகளுக்குக் கிடைத்தது பெரும்பாலும் ஒரே அறையும் ஒரே ஆசிரியரும் கொண்ட பள்ளிக்கூடம். கூரைத் தகரத்தில் மழை விழுந்தால் பாடம் கேட்காது. ஒன்று முதல் ஐந்து வரை எல்லா வகுப்பும் ஒன்றாகவே இருக்கும். பத்து வயதை எட்டிய பிள்ளைக்குக் கொழுந்துக் கூடையோ புல்லு வெட்டும் வேலையோ காத்திருக்கும். வாசிக்கத் தெரிந்த அந்த ஒரு ஆசிரியரிடம்தான் லயத்தில் (தொழிலாளரின் வரிசை வீடுகளில்) இருப்போர் ஊரிலிருந்து வந்த கடிதத்தைக் கொண்டுவந்து கொடுப்பார்கள். தோட்டத்தை நிருவகிக்கும் துரைக்கு மனு எழுத வேண்டுமென்றாலும் அவரிடமே போவார்கள்.

வேலுப்பிள்ளைக்குக் கல்லூரிப் படிப்பு கிடைத்ததற்குக் காரணம் இருந்தது. அவர் பெரியகங்காணி குடும்பத்தில் வந்தவர். ஆட்களைத் திரட்டி அழைத்து வந்து, அவர்களுடைய கடனையும் கூலியையும் தன் கையில் வைத்திருந்த அதிகாரம் கங்காணியுடையது. அந்த வீட்டுப் பிள்ளை அந்த அதிகாரத்துக்கு எதிரான தொழிற்சங்கத்தின் பக்கம் வந்து நின்றார் என்பதை மறைக்கவும் வேண்டாம், மிகைப்படுத்தவும் வேண்டாம். பெரிய வீட்டின் இஸ்தோப்பில் (முன்திண்ணையில்) நின்று பார்த்தவருக்கு, லயத்துக் காம்பராவில் (அறையில்) இருந்தவர்களின் வாழ்க்கை எவ்வாறு கணக்குப் புத்தகத்தில் ஒரு வரியாகச் சுருங்குகிறது என்பது சிறுவயதிலேயே தெரிந்திருக்கும் என்று நினைக்கிறேன். பிற்காலத்தில் அவர் எழுதியவற்றில் கங்காணியும் கணக்குப்பிள்ளையும் துரையும் வெறும் கொடியவர்களாக வராமல், ஓர் அமைப்பின் உறுப்புகளாக வருவதற்கு அந்தப் பார்வையே அடித்தளமாக இருந்திருக்க வேண்டும்.

ஹட்டனில் இன்னும் இருவரை நினைக்காமல் இருக்க முடியாது. தஞ்சாவூர்ப் பகுதியிலிருந்து வந்த கோ. நடேசய்யர், 1931இல் அகில இலங்கை இந்தியத் தோட்டத் தொழிலாளர் சம்மேளனத்தை இந்நகரை மையமாகக் கொண்டு அமைத்தார். அவருடைய துணைவியார் மீனாட்சியம்மாள் தாமே பாட்டுக் கட்டி, தொழிலாளர் கூடிய இடங்களில் பாடினார். சட்டத்தையும் சம்பளத்தையும் பற்றி மேடையில் பேசினால் கலைந்துபோகும் கூட்டம், அதையே அம்மையார் பாடியபோது நின்று கேட்டது. வேலுப்பிள்ளைக்கு அப்போது பதினாறு, பதினேழு வயது. பாட்டும் சங்கமும் ஒரே மேடையில் நிற்கலாம் என்பதை மலையகம் அவருக்கு முன்பே கண்டிருந்தது.

தலவாக்கலை, வெள்ளிக்கிழமை

கொட்டகலையைத் தாண்டியதும் வீதியோரமாகவே டெவன் அருவி தெரியும். சற்றுத் தள்ளி சென் கிளயர் அருவி. மேல் கொத்மலை நீர்மின் திட்டம் 2012இல் இயங்கத் தொடங்கியபின், தலவாக்கலை நகரின் ஓரத்திலேயே அணைக்கட்டின் நீர் நிற்கிறது. அருவியைப் படமெடுக்கப் பலர் பஸ்ஸை விட்டு இறங்கினார்கள். சேர் என்னிடம் டெவன் தோட்டத்தைக் காட்டி வேறொன்றைச் சொன்னார். தோட்டக் காணிகளைப் பிரித்தெடுக்கும் முயற்சிக்கு எதிராகத் தொழிலாளர்கள் திரண்டபோது, 1977 மே 11இல் பொலிஸார் சுட்டதில் சிவனு லட்சுமணன் என்ற இளந்தொழிலாளி உயிரிழந்தது இந்தப் பக்கத்தில்தான். "அந்தப் பெயர மட்டும் நாங்க மறக்க விடல்ல," என்றார். இதற்கும் ஸி.வி.க்கும் நேரடித் தொடர்பு இல்லை. ஆயினும் 'பெயர்' என்று அவர் அழுத்திச் சொன்னது இன்று முழுவதும் என்னோடு வந்தது.

தலவாக்கலை 1931இலிருந்தே தனித் தொகுதி. 1947இல் சோல்பரி அரசியல் யாப்பின் கீழ் முதலாவது பாராளுமன்றத்துக்குத் தேர்தல் நடந்தபோது, தோட்டத் தொழிலாளரின் கட்சியான இலங்கை இந்தியன் காங்கிரஸ் ஏழு இடங்களை வென்றது. நுவரெலியாவில் எஸ். தொண்டமான், கொட்டகலையில் கே. குமாரவேலு, நாவலப்பிட்டியில் கே. இராஜலிங்கம், தலவாக்கலையில் ஸி.வி. வேலுப்பிள்ளை. வேறு பல தொகுதிகளிலும் தோட்டத் தொழிலாளரின் வாக்குகள் இடதுசாரி வேட்பாளர்களின் பக்கம் சாய்ந்தன. அப்போது ஸி.வி.க்கு முப்பத்து மூன்று வயது. பள்ளி இடாப்பில் (பெயர்ப் பட்டியலில்) பிள்ளைகளின் பெயரை எழுதிய ஒருவருக்கு, வாக்காளர் இடாப்பில் இருந்த அவர்களுடைய பெற்றோர் வாக்களித்தார்கள்.

அந்தப் பெற்றோரின் பெயர்கள் அந்த இடாப்பில் நீண்ட காலம் நிலைக்கவில்லை. 1946 குடிசன மதிப்பீட்டில் 'இந்தியத் தமிழர்' என்று பதியப்பட்ட இவர்கள் ஏறத்தாழ 7,80,000 பேர். நாட்டின் மக்கள்தொகையில் ஒன்பதில் ஒரு பங்குக்கு மேல். 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டம், குடியுரிமை பெற, தந்தையோ, தந்தைவழிப் பாட்டனும் பூட்டனுமோ இலங்கையில் பிறந்ததை நிரூபிக்கச் சொன்னது. தகரக் கூரைக்கும் மண் தரைக்கும் நடுவே பிறந்து, பலசமயம் எந்தப் பதிவும் இல்லாமலே வளர்ந்த ஒரு சமூகத்திடம் மூன்று தலைமுறைக்குரிய கடதாசி கேட்கப்பட்டது. 1949ஆம் ஆண்டின் 3ஆம் இலக்கச் சட்டம் விண்ணப்பிக்கும் வழியொன்றைத் திறந்தது. மணமாகாதவருக்குப் பத்தாண்டும் மணமானவருக்கு ஏழாண்டும் இடையறாத வதிவு வேண்டும். அதற்கும் சான்று வேண்டும். எட்டு இலட்சத்துக்கு மேற்பட்டோர் சார்பில் விண்ணப்பங்கள் சென்றன. ஏற்கப்பட்டோர் ஏறத்தாழ 1,34,000 பேர். அதே 1949இல் இயற்றப்பட்ட 48ஆம் இலக்கத் தேர்தல் திருத்தச் சட்டம், பிரசாவுரிமை இல்லாதவரின் பெயரை வாக்காளர் இடாப்பிலிருந்து நீக்கியது.

இந்தச் சட்ட எண்களை வாசிப்போர் கடந்து போய்விடலாம் என்று எனக்குத் தெரியும். ஆயினும் அவற்றை எழுதாமல் ஸி.வி.யை எழுத முடியாது. தம்மைத் தெரிவுசெய்த மக்களின் பெயர்கள் வாக்காளர் இடாப்பிலிருந்து வெட்டப்படுவதை, அந்த மக்களின் உறுப்பினராகச் சபையில் அமர்ந்திருந்து பார்த்த மனிதர் அவர். அவருடைய கட்சி எதிர்த்தது, எதிர்த்தும் தோற்றது. 1952இல் பிரதமர் அலுவலகத்தின் முன் காங்கிரஸார் ஏறத்தாழ நூற்று நாற்பது நாட்கள் சத்தியாக்கிரகம் இருந்தார்கள். அந்த ஆண்டுத் தேர்தலில் ஏழு இடங்களில் ஒன்றுகூட அவர்களுக்குக் கிடைக்கவில்லை. மலையகத்திலிருந்து ஒருவர் மீண்டும் பொதுத் தேர்தலில் வெல்வதற்கு 1977 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று.

நகரின் தேநீர்க் கடையொன்றில் அமர்ந்திருந்தபோது, சேர் தம் பாட்டனாரைப் பற்றிச் சொன்னார். 1947இல் புது வேட்டி கட்டிக்கொண்டு வாக்களிக்கப் போனவர். அதன்பின் இறக்கும்வரை ஒருமுறையும் வாக்களிக்கவில்லை. "எங்க தாத்தா யாருக்குப் போட்டீங்கன்னு கேட்டா, நம்ம வாத்தியாருக்குன்னுதான் சொல்லுவாரு. கட்சிப் பேரச் சொல்ல மாட்டாரு," என்றார் சேர்.

மடக்கொம்பரை, சனிக்கிழமை

வட்டகொடையில் இறங்கி ஓட்டோவில் போனோம். மேலே ஏற ஏற வீதி குறுகி, இருபுறமும் கவ்வாத்து வெட்டிய செடிகள் மொட்டையாய் நின்றன. தோட்டத்துக்குள் இப்போதும் பழைய லயங்களும் அவற்றின் நடுவே புதிதாகக் கட்டிய தனிவீடுகளும் கலந்திருக்கின்றன. காலைப் பெரட்டு (வேலைக்கு ஆள் கணக்கெடுப்பு) முடிந்து பெண்கள் மலையேறிவிட்டிருந்தார்கள். பிள்ளை மடுவத்தில் (குழந்தைகள் காப்பகத்தில்) குழந்தைகளின் சத்தம் கேட்டது.

ஸி.வி.யின் புகழ்பெற்ற ஆங்கிலக் கவிதை நூலான 'இன் சிலோன்ஸ் டீ கார்டன்' 1950களில் வெளிவந்தது. கவிஞர் சக்தீ அ. பாலையா அதைத் 'தேயிலைத் தோட்டத்திலே' என்று தமிழாக்கினார். விடியற்காலைத் தப்பொலியில் தொடங்கி, கொழுந்தெடுக்கும் பெண்களோடு மலையேறி, நிறுவை முடிந்து வீடு திரும்பும் ஒரு நாளைப் பின்தொடர்கிறது அக்கவிதை. அதன் மையத்தில் இருப்பது ஒரு துயரம். காட்டை அழித்துத் தேயிலையை நட்டுவிட்டு அதே தேயிலையின் அடியில் புதைந்துபோன முன்னோருக்கு, கல்லும் இல்லை, பூவும் இல்லை, நினைவுகூரும் ஒரு சொல்லும் இல்லை என்று கவிஞர் வருந்துகிறார். இதை நான் பல தடவை வாசித்திருக்கிறேன். அது கவிதைக்கே உரிய உருக்கம் என்று எண்ணிவந்தேன். மடக்கொம்பரைச் சரிவில் நின்றபோது அது நேரடியான விவரணை என்று புரிந்தது. இந்தத் தோட்டங்களில் பழைய புதைகுழிகளுக்கு எல்லை இல்லை. இடுகாடாக இருந்த நிலத்திலும் காலப்போக்கில் தேயிலை ஏறிவிட்டது.

மலையிலிருந்து இறங்கிவந்த மூதாட்டி ஒருவரிடம் சேர் பேச்சுக் கொடுத்தார். "அம்மாயி, ஒங்க ஆத்தா அப்பனெல்லாம் எங்க?" என்று கேட்டார். அவர் கையை நீட்டிய இடத்தில் செடிகள்தான் இருந்தன. "அந்தப் பத்தாம் நம்பர் மலையிலதான் சாமி. அடையாளம் வெச்ச மரம் ஒண்ணு இருந்துச்சு, வெட்டிட்டாங்க," என்றார். ஆத்தாவின் பெயரைக் கேட்டபோது உடனே சொன்னார். பாட்டியின் பெயரைக் கேட்டபோது சற்று யோசித்துவிட்டுச் சொன்னார். அதற்கு முந்தையவரின் பெயர் அவருக்குத் தெரியவில்லை. சட்டம் கேட்ட மூன்றாவது தலைமுறை அது.

பதவியில் இருந்த காலத்துக்குப் பின் ஸி.வி. செய்தவற்றை நான் புரிந்துகொள்வது இங்கிருந்துதான். இடாப்பிலிருந்து பெயர்கள் போய்விட்டன. கவிதையிலும் கதையிலும் அவர்கள் வந்து சேர்ந்தார்கள். 1964இல் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் 9,75,000 பேரில் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் என்று பிரித்து, எஞ்சிய 1,50,000 பேரைப் பின்னர் பார்த்துக்கொள்வதென ஒத்திவைத்தது. இந்தியாவுக்குக் கப்பலேறத் தலைமன்னாருக்குப் புறப்பட்ட ரயிலை மலையக மக்கள் 'அழுகைக் கோச்சி' என்றார்கள். அந்தக் காலத்தில், 1970இல், ஸி.வி.யின் 'போர்ன் டு லேபர்' வெளியானது. பூசாரி, தப்படிப்பவர், கங்காணி, வேலை தேடி அலைபவர் எனத் தோட்டத்து மனிதர்களை ஒவ்வொருவராக முன்னிறுத்தி எழுதிய உரைச்சித்திரங்கள் அவை. எண்களாகப் பங்கிடப்பட்டவர்களுக்கு முகம் எழுதும் முயற்சி என்று அதை நான் வாசிக்கிறேன். தமிழில் அவர் எழுதிய 'வீடற்றவன்', 'இனிப்படமாட்டேன்' ஆகிய நாவல்கள், தலைப்பிலேயே தம் மக்களின் நிலையையும் அதற்கான மறுப்பையும் சொல்லிவிடுகின்றன. வி.கே. வெள்ளையன் 1965இல் தொடங்கிய தொழிலாளர் தேசிய சங்கத்தில் சேர்ந்து 'மாவலி' இதழை நடத்தியதும் இந்தப் பிற்காலத்தில்தான்.

வட்டகொடை, ஞாயிற்றுக்கிழமை

சேரின் ஏற்பாட்டில், உயர்தர வகுப்பு மாணவர்கள் சிலர் ஒரு வீட்டின் முன்னறையில் கூடியிருந்தார்கள். அவர்களில் இருவருடைய தாய்மார் கொழுந்தெடுப்பவர்கள். இன்னொருவருடைய தந்தை கொழும்பில் கடையில் வேலை செய்கிறார். மாணவி ஒருவர் நேராகவே கேட்டார்: "நம்ம ஆக்களப் பத்தி எழுதினவரு ஏன் சேர் இங்கிலீஷ்ல எழுதினாரு? அந்தக் காலத்துல லயத்துல யாரு அத வாசிச்சிருப்பா?"

நான் சொன்ன விடை இது. அவருடைய படிப்பு ஆங்கிலத்தில் அமைந்தது. தாகூரின் ஈர்ப்பு அவரிடம் ஆழமாக இருந்தது. 1934இல் தாகூர் இலங்கைக்கு வந்தபோது இளைஞரான அவர் தம் 'விஸ்மாஜினி' என்ற இசை நாடக நூலோடு சென்று அவரைச் சந்தித்தார். அதற்கு மேலும் ஒரு காரணம் உண்டு. சட்டம் இயற்றியோரும், தோட்டத்துக் கணக்கை இலண்டனுக்கு அனுப்பியோரும், தேயிலையை வாங்கிக் குடித்தோரும் வாசித்த மொழி அதுதான். தம் மக்களுக்காக அவர்களிடம் பேசவேண்டியிருந்தது. மாணவி அதை முழுதாக ஏற்கவில்லை. "அப்ப எங்ககிட்டப் பேசினது எது?" என்றார். அது சரியான கேள்வி. விடை அவருடைய நாவல்களில் ஒரு பகுதியாகவும், 1983இல் வெளிவந்த 'மலைநாட்டு மக்கள் பாடல்கள்' தொகுப்பில் முழுமையாகவும் இருக்கிறது என்று நினைக்கிறேன்.

அந்தத் தொகுப்பைப் பற்றிச் சற்று நீட்டி எழுத விரும்புகிறேன், ஏனெனில் ஸி.வி.யின் பணிகளுள் அதுவே மிகக் குறைவாகப் பேசப்படுவது. தாலாட்டும் ஒப்பாரியும் தெம்மாங்கும், கோப்பிக் காலத்து நினைவுகளும், கங்காணியையும் கணக்குப்பிள்ளையையும் நேருக்குநேர் வையும் பாடல்களும் அதில் உண்டு. கோப்பிக் கன்று போட்ட மலையைக் கைகாட்டி, அங்கேதான் அண்ணனை இழந்தேன் என்று தங்கை பாடும் நான்கடிப் பாட்டு மலையகம் முழுவதும் பாடப்படுவது. அதில் ஒரு மரணத்தின் பதிவு இருக்கிறது, இடமும் இருக்கிறது, தோட்டத்து ஆவணம் எதிலும் அந்த அண்ணன் இருக்கப் போவதில்லை. எழுதத் தெரியாத மக்கள் தங்கள் பிறப்பையும் இறப்பையும் அநீதியையும் பாட்டில் பதிந்து வைத்திருந்தார்கள் என்பதை, எழுதத் தெரிந்த ஸி.வி. கண்டுகொண்டார். ஆங்கிலக் கவிஞராகப் பெயர் பெற்றபின், தம் கடைசி ஆண்டுகளில், சொந்தக் குரலை ஒதுக்கி வைத்துவிட்டு அவர்களுடைய குரலை அவர்களுடைய சொற்களிலேயே அச்சேற்றியது பெரிய செயல். அவர் எழுதிய அனைத்திலும் எதைக் காப்பாற்ற வேண்டும் என்று ஒருவர் என்னைக் கேட்டால், கவிதை நூலையல்ல, இந்தத் தொகுப்பையே சொல்வேன். அதில் எனக்கு ஒரு குறை மட்டும் உண்டு: பாடியவர் யார், எந்தத் தோட்டத்தில் பாடினார் என்பது ஒவ்வொரு பாட்டுக்கும் தெரிந்தால் எவ்வளவு பயனாக இருக்கும்.

இதைச் சொன்னபோது சேர் உள்ளே போய், தடித்த சீ.ஆர். கொப்பிகள் சிலவற்றை எடுத்து வந்தார். பாடசாலையில் இருந்த காலத்திலிருந்தே அவர் மாணவர்களிடம் வீட்டுவேலையாகக் கொடுத்தது, அப்பாயியிடமோ அம்மாயியிடமோ ஒரு பாட்டுக் கேட்டு எழுதிவரும்படி. பல கையெழுத்துகளில், எழுத்துப்பிழைகளோடு, காமன் கூத்துப் பாட்டும் நாற்று நடும் ஊர்ப்பாட்டும் சங்கத்துக் கொடிப்பாட்டும் கலந்திருந்தன. கேள்வி கேட்ட மாணவி ஒரு கொப்பியைப் புரட்டி, தம் தாயார் பள்ளிப்பிள்ளையாக இருந்தபோது எழுதிய பக்கத்தைக் கண்டுபிடித்து, உரக்க வாசித்துக் காட்டினார்.

மடக்கொம்பரையில் நேற்றுச் சந்தித்த மூதாட்டியிடமும் அடுத்த வாரம் போய்ப் பாட்டுக் கேட்பதாக மாணவர்கள் சொன்னார்கள். கொப்பிகளைத் தட்டச்சு செய்து தரும் பொறுப்பை நான் ஏற்றுக்கொண்டேன். பாடியவரின் பெயர், தோட்டம், டிவிஷன் ஆகிய மூன்றும் ஒவ்வொரு பாட்டின் கீழும் கட்டாயம் இருக்க வேண்டும் என்பது சேர் விதித்த ஒரே நிபந்தனை. சில பக்கங்களில் இந்த விவரம் விடுபட்டிருப்பதால், முதலில் அவற்றைப் பிரித்தெடுத்துப் பழைய மாணவர்களுக்குத் தொலைபேசியில் பேசத் தொடங்கியிருக்கிறோம்.